கரியில் ஒரு முகம்: டூரரின் அம்மாவும் எங்கள் அப்பாவும்

எறையூர் வீட்டில் இப்போது அப்பாவின் படங்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டுமே கரியில் வரைந்தவை. ஒன்று அச்சு அசலாக அப்பா. இன்னொன்றைப் பார்த்ததும் அம்மா சொன்னது, "என்னடா இது, அழுக்கா இருக்கு." வரும் தை மாதம் முதலாம் ஆண்டு நினைவு நாள். எதைச் சட்டம் போட்டு கூடத்தில் மாட்டுவது என்று அம்மா, தங்கை, நான் மூன்று பேருக்கும் மூன்று வாரமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அந்த "அழுக்குப்" படத்தின் கட்சி. ஏன் என்று கேட்டால் இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாத எதையும் நான் கொஞ்சம் படித்துப் பார்த்துவிட்டு எழுதிவைப்பது வழக்கம். இதுவும் அப்படித்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓவியன் இல்லை. பி.ஈ. படித்து இருபது வருடத்துக்கு மேல் கோடு எழுதுகிறவன். நான் எழுதும் கோடு வேறு, இங்கே பேசப்போகும் கோடு வேறு.

முதல் படம் ஆர்டர் கொடுத்து வாங்கியது. போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பினால் பத்து நாளில் ஏ3 அளவில் வரைந்து கூரியரில் அனுப்பிவிடுகிறார்கள். இன்ஸ்டாகிராமைத் திறந்தால் இப்படி வரைகிறவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் அனுப்பியது தங்கை மகள் காதுகுத்தில் எடுத்த செல்ஃபியிலிருந்து வெட்டிய முகம். வந்த படத்தில் ஒரு குறை கிடையாது. மூக்குக்கண்ணாடியில் விழுந்த வெளிச்சம், நரைத்த மீசையில் தனித்தனி முடி, சட்டைப் பையில் இருந்த பேனாவின் கிளிப், எல்லாம் இருந்தது. கையால் செய்த வேலை என்று நம்பவே முடியவில்லை. தங்கை அழுதுவிட்டாள். நானும்தான்.

ஒரு வாரம் கழித்துத்தான் ஏதோ இடித்தது. அப்பாவுக்கு அவ்வளவு பெரிய மூக்கு கிடையாது. செல்ஃபி எடுக்கும்போது போன் முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் இருக்கும். அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் லென்ஸுக்கு அருகில் இருக்கும் மூக்கு பெருத்தும், தள்ளி இருக்கும் காது சிறுத்தும் விழும். இது லென்ஸின் குற்றம்கூட இல்லை, தூரத்தின் கணக்கு. நேரில் அப்பாவை யாரும் ஒன்றரை அடியில் நின்று பார்த்ததில்லை, அம்மாவைத் தவிர. வரைந்தவர் அந்தக் கணக்கையும் சேர்த்து மில்லிமீட்டர் சுத்தமாக நகல் எடுத்திருக்கிறார். அவர்மேல் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, போட்டோவைப் பார்த்தார். கேட்டதைச் செய்துகொடுத்தார்.

இரண்டாவது படம் அப்பா உயிரோடு இருந்தபோதே வரைந்தது. சொந்தத்தில் ஒரு பையன் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படிக்கிறான். தீபாவளி லீவுக்கு வந்தவன், "பெரியப்பா, ஒரு அரைமணி நேரம் உக்காருங்க, வரைஞ்சுக்கறேன்" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் திண்ணையில் போட்டு உட்காரவைத்தான். அப்பாவால் சும்மா உட்கார முடியாது. சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், கரும்பு லோடு பற்றி யாராவது தெருவில் பேசிக்கொண்டு போனால் தலை தானாகத் திரும்பும். பையன் தாடையை மூன்று முறை மாற்றிப் போட்டான். கடைசியில், மாத்திரை போட்ட அசதியில் அப்பா அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். பையன் அதற்குள் கண்ணைத் திறந்த மாதிரி வரைந்து முடித்திருந்தான். விரலால் தேய்த்தான், இமை இறங்கின கண்ணை அதன் மேலேயே வரைந்தான். நாற்பது நிமிடத்தில் நிறுத்திவிட்டான். இடது காது இருக்கும் இடத்தில் ஒரு வளைவு மட்டும் இருக்கிறது.

தேய்த்த கண் முழுசாகப் போகவில்லை. இறங்கின இமைக்கு அடியில் முதலில் வரைந்த விழி சாம்பலாகத் தெரிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தூங்குகிற மனுஷன். கிட்டே போனால் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாடை ஓரத்தில் மூன்று கோடுகள், மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி. அம்மா அழுக்கு என்று சொன்னது இதைத்தான்.

எனக்கு அது அழுக்காகப் படவில்லை. ஏன் என்று யோசித்தபோது கரி என்கிற பொருளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

நம்மில் பலருக்கு முதல் ஓவியச் சாதனம் கரிதான். அடுப்பில் கிடந்த கரிக்கட்டையை எடுத்துப் பக்கத்து வீட்டுச் சுவரில் மூன்று கோடு கிழித்தால் ஸ்டம்ப். அடுத்த நாள் அந்த வீட்டு அத்தை திட்டிக்கொண்டே தேங்காய் நாரை வைத்துத் தேய்ப்பார். போகும், ஆனால் போகாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரை அந்த மூன்று கோடும் மங்கலாகத் தெரியும். நாங்கள் அதன் மேலேயே மறுபடி வரைவோம். கரியின் மொத்த குணமும் அந்தச் சுவரில் இருந்திருக்கிறது, எனக்குத்தான் நாற்பது வயது தேவைப்பட்டது.

மரத்தைக் காற்று படாமல் சுட்டால் கரி. ஆவியாகக்கூடியதெல்லாம் போய்விட, மரத்தின் நுண்ணிய அறைகள் கரிமமாக அப்படியே நிற்கும். அதனால் கரித்துகள் சீரற்ற சில்லு மாதிரி இருக்கும். தாளின் சொரசொரப்பில் அந்தச் சில்லுகள் போய் உட்காரும். ஒட்டுவதற்குப் பசை எதுவும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஊதினால் கொஞ்சம் பறக்கும். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் வேறு வகை. அது தகடு தகடாக வழுக்கித் தாளில் படியும், அழுத்தித் தீட்டினால் பளபளக்கும். பென்சிலில் கறுப்பான இடத்தைச் சாய்த்துப் பாருங்கள், வெள்ளி மாதிரி மின்னும். கரி மின்னாது. துகள் இடுக்குகளில் வெளிச்சம் புகுந்து வெளியே வராமல் போய்விடுகிறது. கரிக்கறுப்பு ஆழமாகத் தெரிவது இதனால்தான்.

கடைகளில் கரி இரண்டு வகையாகக் கிடைக்கிறது. வில்லோ, திராட்சைக் கொடி போன்ற மெல்லிய குச்சிகளை அப்படியே சுட்டது ஒன்று. கரியைப் பொடி செய்து பசை சேர்த்து அழுத்தியது இன்னொன்று, கரிப் பென்சில்களில் இருப்பதும் இந்த வகைதான். அழுத்திய கரி நல்ல கறுப்பு, ஆனால் ஒருமுறை வைத்தால் லேசில் எடுக்க முடியாது. குச்சிக் கரி அவ்வளவு கறுப்பு வராது, ஆனால் துணியால் தட்டினாலே போய்விடும். எங்கள் வீட்டு முதல் படம் அழுத்திய கரி, இரண்டாவது குச்சிக் கரி. இரண்டையும் "சார்கோல்" என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் 1400 வாக்கில் எழுதிய கைநூலில் வரைகரி செய்யும் முறை இருக்கிறது. வில்லோ குச்சிகளைச் சீவி, கட்டுக்கட்டாகக் கம்பியால் கட்டி, புதுச் சட்டியில் அடுக்கி, களிமண்ணால் வாயை மூடி, ரொட்டிக்காரர் வேலை முடித்தபின் சாயங்காலம் அவர் அடுப்பில் வைத்துவிட்டுக் காலையில் எடுக்கச் சொல்கிறார். படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக்குப் பஞ்சமா, பருத்திமார் குச்சிகளைப் பெயின்ட் டப்பாவில் அடைத்து, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, விறகடுப்பில் வைத்தேன். முதல் தடவை சாம்பல். இரண்டாம் தடவை பாதி மரம், பாதி கரி. மூன்றாம் தடவை வரைகிற மாதிரி நாலு குச்சி தேறியது. இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கிய கருவேலங்கரியோடு வைத்துப் பார்த்தேன். கருவேலங்கரி கெட்டி, தாளைக் கீறுகிறது. பருத்திமார் மெத்தென்று போகிறது. நடுவில் சோறு இருப்பதால் சில இடத்தில் கோடு இரட்டையாக விழுகிறது, அதுவும் ஒரு அழகு. அம்மாவுக்கு அன்றைக்கு நான் அடுப்படியைக் கரியாக்கியது மட்டும்தான் தெரிந்தது.

சென்னினி சொல்வதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு விஷயம். முதலில் கரியால் வரை, பிடிக்காவிட்டால் இறகால் தட்டிவிடு, திரும்ப வரை என்கிறார். சரியாக வந்தபின் வேறு சாதனத்தால் அந்தக் கோட்டை நிலைப்படுத்திவிட்டு, கரியை இறகால் பெருக்கித் தள்ளிவிட வேண்டும். அதாவது அந்தக் காலத்தில் கரி ஒரு சாரம். கட்டடம் எழுந்ததும் பிரித்துவிட வேண்டியது. மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்காகவே அதைக் கையில் எடுத்தார்கள், முடிந்த ஓவியத்தில் அதற்கு இடம் இல்லை. பிற்காலத்து ஓவியர்கள் அந்தச் சாரத்தைப் பிரிக்காமலே விட்டார்கள். கரியின் வெளிப்பாட்டு சக்தி என்று நாம் சொல்வது அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். கறுப்பு எல்லாச் சாதனத்திலும் கிடைக்கும். "இன்னும் முடிவு பண்ணவில்லை" என்பதைத் தாளிலேயே விட்டுவைக்க வசதியானது கரிதான்.

இதற்கு நான் பார்த்ததில் பெரிய சாட்சி ஆல்பிரெக்ட் டூரர் 1514 மார்ச்சில் வரைந்த அவர் அம்மாவின் முகம். பெர்லினில் ஓவிய அச்சுக் காட்சியகத்தில் இருக்கிறது, நல்ல தரத்தில் இணையத்திலும் கிடைக்கிறது. டூரரை நாம் அறிவது பெரும்பாலும் செப்புத் தகட்டில் மயிரிழை மயிரிழையாகச் செதுக்கியவராக. தப்பே விடாத கை. அந்தக் கை இங்கே கரியை எடுத்திருக்கிறது.

பார்பரா டூரருக்கு அப்போது 63 வயது. பதினெட்டுப் பிள்ளை பெற்றவர், அதில் நிலைத்தது மூன்று ஆண்பிள்ளைகள். கன்னம் ஒட்டிப்போய், கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்து, காறை எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. தலைத்துணியை மட்டும் அகலக் கோடுகளில் வேகமாகப் போட்டுவிட்டு, நெற்றிச் சுருக்கத்தில் போய் நின்றிருக்கிறார். எங்கே நேரம் செலவழித்தார், எங்கே அவசரப்பட்டார் என்பது கோட்டின் அழுத்தத்தில் அப்படியே தெரிகிறது. அம்மாவின் முகத்தைவிட, அம்மாவை ஒரு மகன் எந்த வரிசையில் பார்த்தான் என்பதுதான் அந்தத் தாளில் இருப்பது.

மூலையில் ஒரு குறிப்பு. இது என் அம்மா, 63 வயது என்ற பொருளில் கரியாலேயே எழுதியிருக்கிறார். இரண்டு மாதத்தில், மே மாதம், பார்பரா இறந்துவிடுகிறார். அந்தச் செய்தியை அதே தாளில் டூரர் பிறகு சேர்க்கிறார், மசியால். உயிரோடு இருந்தது கரியில், இறந்தது மசியில். அவர் யோசித்துச் செய்தாரா, கைக்குக் கிடைத்ததை எடுத்தாரா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மசியை அழிக்க முடியாது, கரியை அழிக்கலாம். எனக்கு அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் கண் போய் நிற்பது அந்த எழுத்து மாறும் இடத்தில்தான்.

அதே அம்மாவை டூரர் சுமார் 1490இல், இருபது வயதுக்குள், எண்ணெய் வண்ணத்திலும் தீட்டியிருக்கிறார். நூரெம்பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளைத் தலைத்துணி, அமைதியான முகம், கையில் ஜெபமாலை. கணவர் படத்துக்கு ஜோடியாக மாட்டுவதற்கான படம். மரியாதையான படம். நம் வீட்டுக் கூடத்துப் படம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, அந்த வீட்டிலும் இரண்டு படம் இருந்திருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கரி என்றாலே ஆத்மார்த்தம், ஆர்டர் என்றாலே போலி என்று பிரிக்க முடியாது. 1520-21இல் நெதர்லாந்துப் பக்கம் பயணம் போனபோது டூரரே வழியில் சந்தித்தவர்களைக் கரியில் வரைந்து காசு வாங்கியிருக்கிறார், யாரிடம் எவ்வளவு என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1907க்குப் பிறகு, எண்ணெய் வண்ண உருவப்படங்கள் சலித்துப்போய், கரிக்கு மாறி நூற்றுக்கணக்கில் வரைந்தார். மூன்று மணி நேரத்துக்குள் ஒரு முகம் முடிந்துவிடும். அபாரமான கை. ஆனால் சார்ஜென்டின் கரிப்படங்களை வரிசையாகப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். ஆள் வந்து உட்காருவதற்கு முன்பே என்ன கிடைக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததோ? தேடல் தெரியவில்லை, வசீகரம் தெரிகிறது. காசு வாங்கியதால் அல்ல. டூரரும் வாங்கினார்.

கேத்தே கோல்விட்ஸ் 1933இல் வரைந்த சுய உருவம் ஒன்று வாஷிங்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. நாஜிகள் ஆட்சிக்கு வந்து, பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து அவரை விலகவைத்த வருடம். முதல் உலகப்போர் தொடங்கிய சில மாதத்திலேயே மகன் பீட்டரைப் பறிகொடுத்தவர். படத்தில் அவர் பக்கவாட்டில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார். முகம் நிதானமாக, வெளிச்சமும் நிழலுமாக வரையப்பட்டிருக்கிறது. கரியைப் பிடித்த கையும் ஓரளவுக்குத் தெளிவு. ஆனால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கை என்று எதுவும் இல்லை. கரியைப் படுக்கவைத்து மேலும் கீழுமாக இழுத்த ஒரே முரட்டுக் கோணல்மாணல் கீற்று. அவ்வளவுதான் கை. அந்தக் கீற்றை இழுக்கும்போது அவருடைய நிஜக் கை செய்த அசைவு என்னவோ, அதுவேதான் படத்தில் இருக்கும் கை. இதை எண்ணெய் வண்ணத்தில் செய்ய முடியுமா என்று தெரியவில்லை. பென்சிலில் நிச்சயம் முடியாது. பென்சிலின் முனை மட்டும்தான் வரையும், கரிக்குச்சி உடம்பு முழுக்க வரையும்.

இந்த இடத்தில் எனக்கு நானே ஒரு இடைஞ்சல் கொடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் என் வாதத்தை உடைக்கிறார். கே.எம். ஆதிமூலம். துறையூர் அருகே கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். பெரம்பலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் துறையூர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி காந்தியைக் கோட்டோவியங்களாக, நூறு என்ற கணக்கில், வரைந்தவர். கி.ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசி தொடருக்கு அவர் வரைந்த முகங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள்.

ஆதிமூலத்தின் காந்தி மசி. ஒருமுறை வைத்த கோட்டை எடுக்க முடியாது. காந்தி இறந்தபோது ஆதிமூலத்துக்குச் சுமார் பத்து வயது. அவரை நேரில் உட்காரவைத்து வரைந்திருக்க முடியாது, போட்டோக்கள்தான் துணை. அழிக்க முடியாத மசி, ஆள் இல்லாத போட்டோ, நான் இதுவரை குறை சொன்ன இரண்டும் அங்கே இருக்கின்றன. ஆனாலும் அந்தக் கோடுகளில் காந்தி நடக்கிறார், சிரிக்கிறார், கிழவராகக் களைத்துப்போகிறார். அப்படியென்றால் போட்டோதான் வில்லன் என்று நான் நினைத்தது தப்பு.

யோசித்துப் பார்த்தால் ஆதிமூலம் போட்டோவிலிருந்து எதை எடுத்தார் என்பதைவிட எதை விட்டார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சதை, சாயல், வெளிச்சம், நிழல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எலும்பின் திசையை மட்டும் எடுத்தார். கோடு கோடாகக் குறுக்கும் நெடுக்குமாகப் போய் ஒரு மண்டை ஓடு, ஒரு கைத்தடி. ஒவ்வொரு கோடும் ஒரு முடிவு. தைரியமான முடிவு. நம் ஊர் கண்ணுக்குக் கோடு பழக்கம்தான், வாசலில் தினமும் கோலம் பார்த்து வளர்ந்த கண். கோலத்தில் நடுவில் நிறுத்தித் திருத்தினால் அசிங்கமாகத் தெரியும். மசிக் கோடும் அந்த ஜாதி.

கரி அதற்கு நேர் எதிர். அதில் தைரியம் தேவையில்லை, பொறுமை போதும். தப்பு பண்ணலாம், தேய்க்கலாம், தப்பின் நிழல் அடியில் தங்கும். ஆதிமூலத்தின் மசி "இவர் இப்படி" என்கிறது. டூரரின் கரி "இவர் இப்படியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. புகழ்பெற்ற மனிதருக்கு, எல்லோருக்கும் தெரிந்த முகத்துக்கு, முதலாவது பொருந்தலாம். செத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்து "இவள் இப்படி" என்று எந்தப் பிள்ளையால் முடிவு கட்ட முடியும்?

அழிப்பதையே கலையாக்கியவர் ஒருவர் உண்டு, தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ். 1989 முதல் கரியில் அனிமேஷன் படங்கள் எடுத்து வருகிறார். நாம் நினைக்கிற மாதிரி ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு தாள் கிடையாது. ஒரே தாளில் வரைவார், படம் எடுப்பார், கொஞ்சம் அழித்து மாற்றுவார், மறுபடி படம் எடுப்பார். நடந்துபோன மனிதனின் பின்னால் அவன் இருந்த இடமெல்லாம் சாம்பல் தடமாகத் தொடரும். எங்கள் தொழிலில் கிட் என்று ஒன்று உண்டு, கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேர்த்துவைக்கும். கரிப்படம் தன் கிட் லாகைத் தன் மேலேயே வைத்துக்கொண்டிருக்கிறது என்று ஆபீஸ் நண்பரிடம் சொன்னேன். "லீவு எடுங்க சார்" என்றார்.

இனி அந்த ஆர்டர் படத்துக்கு வருகிறேன். இந்தப் பாணி புதிதில்லை. போட்டோவைப் பெரிசு பண்ணுவது செலவாக இருந்த காலத்தில், ஸ்டூடியோக்களில் மங்கலாகப் பெரிதாக்கிய பிரின்டின் மேல் கறுப்புப் பொடியும் பிரஷ்ஷும் கொண்டு "பினிஷிங்" செய்வார்கள். எங்கள் தாத்தா படம் அப்படி வந்ததுதான். தாத்தாவுக்கு உயிரோடு இருந்தபோது எடுத்த போட்டோவே கிடையாது. இறந்தபின் உட்காரவைத்து எடுத்ததில் ஸ்டூடியோ ஓவியர் கண்ணைத் திறந்துவைத்திருக்கிறார். அந்தக் கண் தாத்தாவுடையது இல்லை, யாரோ ஒருவருடைய பொதுவான கண். ஐம்பது வருடமாக அதைத்தான் கும்பிடுகிறோம். ஆனாலும் அந்த ஓவியர் ஏதோ ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது. கண் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்.

இன்றைய ஆர்டர் படத்தில் அந்த ஒரு நிமிடமும் இல்லை. எல்லாத் தகவலும் போட்டோவில் ஏற்கெனவே இருக்கிறது. கட்டம் போட்டு இடம் மாற்றுவதுதான் வேலை. இரவு பகலாக உழைக்கிறார்கள், சந்தேகம் இல்லை. கண் வலிக்கும் உழைப்பு. ஆனால் கரி அங்கே கரியாக இல்லை. லேசர் பிரின்டர் டோனரில் இருப்பதும் கரிமத் தூள்தான். அந்த வேலையைத்தான் கரி செய்கிறது. தாளின் சொரசொரப்பு தெரியாமல் தேய்த்து மெழுகி, கையின் அசைவு ஒன்றுகூடத் தெரியாமல் மறைத்து, "போட்டோ மாதிரியே இருக்கு" என்ற பாராட்டை வாங்க வேண்டும். மாதிரியேதான் இருக்கிறது. அந்த போட்டோ என் போனிலேயும் இருக்கிறது.

இதை எழுதிவிட்டுத் தங்கையிடம் படித்துக்காட்டினேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணா, நினைவு நாளுக்கு அரியலூர்லேர்ந்து பெரியத்தை வரும். கண்ணு சரியாத் தெரியாது. மாலை போட்டு வெச்ச படத்தப் பாத்து 'அய்யோ என் தம்பி'ன்னு அழணும்ல. உன் படத்துல காதே இல்லையே?"

பதில் இல்லை என்னிடம். கூடத்துப் படம் வருகிறவர்களுக்கானது. ஆளை அடையாளம் காட்ட வேண்டும், சட்டையில் பொத்தான் போட்டிருக்க வேண்டும். அந்த வேலைக்கு அந்த நகல்தான் சரி, பெரிய மூக்கோடு சேர்த்து. டூரர் வீட்டிலும் ஜோடிப் படத்துக்கு எண்ணெய் வண்ணம்தானே. நான் இரண்டு வெவ்வேறு வேலைக்கான பொருள்களை ஒரே தராசில் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்ஸ்டாகிராமில் ஆயிரக்கணக்கான லைக் வாங்குவது ஒரு வேலைக்கான படம் மட்டும்தான். கும்பகோணத்துப் பையன் போன மாதம் போனில் பேசும்போது, ஹாஸ்டலில் பலரும் போட்டோ பார்த்து வரைந்து ஆர்டர் எடுப்பதாகவும், தானும் தொடங்கலாமா என்றும் கேட்டான். காசு தேவை இருக்கிறது, எடுக்காதே என்று சொல்ல நான் யார். எடு, வாரத்துக்கு ஒருவரையாவது உட்காரவைத்தும் வரை என்றேன். சரி பெரியண்ணா என்றான். செய்வானா தெரியாது.

அவன் படத்துக்கு ஃபிக்ஸேட்டிவ் அடிக்கவில்லை. அது அடித்தால்தான் கரி தாளில் நிலைக்கும். லீவில் வந்தவன் கையில் அது இல்லை, அப்புறம் மறந்துபோனது. அம்மா அந்தத் தாளை தினத்தந்தியில் வைத்து மடிக்காமல் பீரோவுக்கு மேலே வைத்திருந்தார். போன வாரம் எடுத்துப் பிரித்தபோது, மேலே மூடியிருந்த பேப்பரில், ரியல் எஸ்டேட் விளம்பரத்தின் மேல், அப்பா முகம் இடம் வலம் மாறி மங்கலாகப் பதிந்திருந்தது. தங்கைகூட அதைப் பார்த்துப் பேசாமல் நின்றாள். அம்மா அந்தப் பேப்பரைத் தூக்கிப் போடவில்லை. மறுபடி அதே மாதிரி மூடி வைத்துவிட்டு, "கண்ண முழிச்சிருக்காரா தூங்கறாராடா இதுல?" என்று கேட்டார். ரெண்டும்தாம்மா என்றேன்.

பெரம்பலூரில் சட்டம் போடுகிறவரிடம் கேட்டுவிட்டேன். கண்ணாடி தாளைத் தொடாமல் இருக்க நடுவில் அட்டை மவுண்ட் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரேயை இரண்டு அடி தள்ளி நின்று லேசாக அடிக்கச் சொன்னார், கிட்டே அடித்தால் சாம்பல் தடங்கள் இருண்டுபோகுமாம். அதனால் அந்தக் கண்ணுக்கு என்ன ஆகும் என்ற பயத்தில் இன்னும் அடிக்கவில்லை. கூடத்துக்கு அந்தப் பெரிய படம். இது உள் அறையில், அம்மா படுக்கும் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில். ஆணி மட்டும் அடித்தாயிற்று.